பயிற்சித் திடலில் மழை

இதில் வரும் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. பாதி கண்ணால் கண்டது, பாதி காதால் கேட்டது, மிச்சமிருப்பதும் உண்மைதான். சந்தேகம் உள்ளவர்களுக்காகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்யவும் தயார். அடுத்தவர் தலையில் இல்லை, சொந்தத் தலையில். அதில் உதிர்வதற்கு இனி ஒன்றும் பாக்கியில்லை என்பது வேறு விஷயம்.

டயர்க் கடைக்கு மேல்மாடியில் கேம் செய்கிற ஆபீஸ் ஒன்று இருந்தது. ஏணியை மரியாதைக்குப் படி என்று சொல்கிற மாதிரி ஓர் இரும்புப் படி. ஏறிப் போனால் ஒரே நீளக் கூடம், ஜன்னலில் கறுப்புத் தாள், கம்ப்யூட்டர்களின் சூடு, கீழிருந்து ஏறிவரும் ரப்பர் வாடை. அங்கே செய்தது ராணுவ டாங்கி கேம். எங்கெங்கோ இருப்பவர்கள் ஆளுக்கொரு டாங்கியை எடுத்துக்கொண்டு அதற்குள் வந்து, ஒருவரையொருவர் சுட்டுச் சாம்பலாக்கிவிட்டு, சாப்பிடப் போவார்கள்.

ஆரம்பத்தில் அந்தக் கேமில் எந்நேரமும் நடுப்பகல். மலையானாலும் வயலானாலும் டாங்கி கேரம் பலகையில் காய் ஓடுவதுபோல ஓடும். 'இது டாங்கியா, ஐஸ் வண்டியா' என்று விளையாடுகிறவர்கள் எழுதித் தள்ளினார்கள். முதலாளி ஒருநாள் கூடத்தின் நடுவில் வந்து நின்று, "மழை வேணும். சேறு வேணும். மூடுபனி, புழுதி எல்லாம் வேணும். நிஜம் மாதிரி இருக்கணும்" என்றார். அதுவரை டாங்கிகளுக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தலையில் அந்த வேலை விழுந்தது. அன்றிலிருந்து அவர் மழைக்காரர்.

மழைக்காரர் போட்ட மழை லேசுப்பட்டதில்லை. முதல் மழையை ஓடவிட்ட அன்று கீழே டயர்க்காரர், வாசலில் அடுக்கியிருந்த டயரையெல்லாம் அவசர அவசரமாக உள்ளே உருட்டினார். கடல் தாண்டி இருந்த ஒரு மனுஷருக்கு அந்த மழையில் தொடர்ந்து விளையாடியதில் முழங்காலில் வாதம் கண்டது. மருந்துச் செலவைக் கம்பெனிதான் ஏற்கவேண்டும் என்று எழுதியிருந்தார். மழையின் சத்தத்தைச் செய்தவள் சத்தக்காரி. ஒலிப்பதிவு அவள் வேலை. வாணலியில் வெங்காயம் வதங்குகிற சத்தத்தை எடுத்து அவள் மழையாக்கியிருந்தாள். கேமில் மழை பிடித்தால் விளையாடுகிறவர்களுக்குப் பசியெடுத்தது. பாதிச் சண்டையில் எழுந்து போனார்கள். "கொஞ்சம் வெங்காயத்தைக் குறைம்மா" என்று முதலாளி சொல்லவேண்டி வந்தது.

மழைக்காரருக்கு ஒரே பையன். அப்பா செய்கிற டாங்கியை முதலில் ஓட்டிப் பார்ப்பது சின்ன வயதிலிருந்தே அவன்தான். "அப்பா, இது செவுத்துக்குள்ள பூந்து போயிடுது", "அப்பா, பின்னாடி போன்னா இது முன்னாடி போகுது" என்று சாப்பிடும்போது சொல்வான். எல்லையில் சண்டை மூண்டு, வயசுப் பையன்களையெல்லாம் பட்டாளத்துக்கு இழுத்தபோது அவனையும் இழுத்தார்கள். ஆள் பிரிக்கிற இடத்தில் 'உனக்கு என்ன தெரியும்' என்று கேட்டிருக்கிறார்கள். வாய் சும்மா இருக்காமல், "டாங்கி ஓட்டத் தெரியும்" என்றிருக்கிறான். அவர்கள் சிரிக்கவில்லை. நிஜ டாங்கியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

அவன் அம்மாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற கூடத்தில் வேலை. விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கறையைப் பார்த்துப் பிரிப்பது அவள் பொறுப்பு. மருந்துக் கறை ஒரு பக்கம், சாப்பாட்டுக் கறை ஒரு பக்கம், ரத்தம் பச்சைத்தண்ணீர்த் தொட்டிக்கு. வெந்நீரில் போட்டால் ரத்தம் துணியோடு ஒட்டிக்கொண்டு ஜென்மத்துக்கும் போகாது. சண்டை எப்படிப் போகிறது என்று ரேடியோ சொல்வதற்கு முன்பே அந்தக் கூடத்துப் பெண்களுக்குத் தெரியும். "நம்ம பக்கம் ஜெயிக்குதாமே அக்கா" என்று யாராவது கேட்டால், "ஆமா, பச்சைத்தண்ணித் தொட்டி நெறஞ்சு வழியுது. நல்லா ஜெயிக்கிறாங்க" என்பாள்.

பட்டாளத்திலிருந்து வீட்டுக்குப் போனில் பேச விட்டார்கள். ஆனால் இடத்தைச் சொல்லக்கூடாது, சாப்பாட்டைச் சொல்லக்கூடாது, வானம் எப்படியிருக்கிறது என்று மூச்சே விடக்கூடாது. எதிரி அதை வைத்து மோப்பம் பிடித்துவிடுவானாம். நடுவில் ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார்.

"கண்ணு, நல்லா இருக்கியா?"

"இருக்கேம்மா."

"அங்க குளிருதா?"

போன் கட்.

அடுத்த தடவை, "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "என்ன சாப்ட்ட?" கட்.

அதற்கும் அடுத்த தடவை அவள் மகனிடம் பேசவில்லை. "நடுவுல இருக்கிற ஐயா, உங்களுக்கும் ஒரு அம்மா இருப்பாங்க. குளிருதான்னு அவங்க கேக்கமாட்டாங்களா?" என்றாள். ஐயா கட் செய்யவில்லை. தொண்டையைச் செருமுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதன்பிறகு நேரம் முடிகிறவரை மூன்று பேரும் பேசாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குப் பேசத்தான் இத்தனை காபந்து. போனில் கேம் விளையாட ஒரு தடையும் இல்லை. டாங்கி கேம் என்றால் பயிற்சிக் கணக்கில் சேரும் என்று மேலதிகாரிகள் சந்தோஷப்பட்டதாகவும் கேள்வி.

மழை சேர்த்த இந்தப் புதிய கேமை ஊருக்கெல்லாம் வெளியிடுவதற்கு முன்னால், சோதித்துப் பார்க்கச் சிலருக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு பயிற்சித் திடல். வெயில், மழை, பனி, எது வேண்டுமோ அதை அவரவர் திருகி வைத்துக்கொள்ளலாம். யார் திடலுக்குள்ளும் யாரும் டாங்கியோடு போய்ப் பார்க்கலாம். பழைய பழக்கத்தில் மகனுக்கும் ஒன்று அனுப்பி வைத்திருந்தார் மழைக்காரர்.

ஒருநாள் அவன் பெயரில் ஒரு திடல் திறந்தது. எட்டிப் பார்த்தார். கொட்டு கொட்டென்று மழை. நடுவில் ஒற்றை டாங்கி. டாங்கிக்கு மேல்மூடி திறப்பது அப்போதுதான் சேர்த்த வசதி. அதைத் திறந்து, ஓட்டுகிற ஆள் தலையை வெளியே நீட்டி, முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு நின்றான். ஓட்டவில்லை, சுடவில்லை. நனைந்துகொண்டே நின்றான்.

மறுநாளும் மழை. அதற்கு மறுநாளும்.

வீட்டில் சொன்னார். மனைவி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நமக்குத்தாங்க சொல்றான் அவன்."

"கேம் ஆடுறான். வேற ஒண்ணுமில்ல."

"ஆடுறவன் ஏன் சும்மா நிக்கிறான்? வாயால சொல்ல விடமாட்டேங்கிறாங்க. அதான் இப்படிச் சொல்றான். அங்க மழைங்க. விடாத மழை."

மழைக்காரர் கொஞ்சம் யோசித்தார். வெயிலையும் வைக்கலாம், பனியையும் வைக்கலாம், பயல் தினமும் மழையைத்தான் வைக்கிறான். அவருக்கும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று பட்டது. பட்டபிறகு வேறு எதுவும் படவில்லை.

அன்றிலிருந்து அவள் மதிய இடைவேளையில், கையில் சோப்பு வாடை போகாமலே, ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வந்து இரும்புப் படி ஏறுவாள். கணவனின் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பாள்.

"ஏங்க மூடியத் திறந்து வெச்சிட்டு நிக்கிறான்?"

"உள்ள தண்ணி பூந்திருக்கும். வெளிய தலைய நீட்டித்தான் மூச்சு விடணும்."

"அந்த மூடிய மூட யாருமில்லையா அங்க?"

சத்தக்காரி தன் நாற்காலியைக் கொண்டுவந்து போடுவாள். "அண்ணி, உக்காந்து பாருங்க. காசா பணமா."

"உக்காந்தா தூங்கிடுவேம்மா. இந்த மழை யார் செஞ்சது, நீயா? கேக்கக் கேக்கப் பசிக்குது. அவனுக்கும் பசிக்குமே."

சத்தக்காரி அன்றைக்கே வெங்காயத்தை எடுத்துவிட்டு, தாளைக் கசக்குகிற சத்தத்தைப் போட்டாள். யாரும் சொல்லித்தான் செய்யவேண்டுமா என்ன.

கம்பளிக் காலுறையும், தலை மூடுகிற மழைக்கோட்டும் பார்சல் போயின. அடுத்த முறை போன் வந்தபோது மகன் சிரிக்கிற சத்தம் முதலில் கேட்டது. "ஏம்மா, இங்க போய் எதுக்கு மழைக்கோட்டு—" அவ்வளவுதான், கட். கோட்டு தாங்காத மழை போலிருக்கிறது என்று அம்மா அன்று முழுக்க வேலை ஓடாமல் இருந்தாள்.

இந்த நேரத்தில்தான் முதலாளிக்குச் சேற்றின் மேல் ஆசை வந்தது. விளையாடுகிறவர்களில் பாதிப் பேர் ஓர் ஓரத்தில் டாங்கியை நிறுத்தி ஒளிந்துகொண்டு, போகிற வருகிறவர்களைச் சுட்டார்கள். மற்ற பாதிப் பேர் அழுதார்கள்.

"மழையில நின்னா முங்கணும்" என்றார் முதலாளி. "நிக்க நிக்க உள்ள போகணும். அப்பத்தான் பயலுக நகருவானுக."

பின்னால் நின்றவள் கேட்டாள். "எவ்ளோ உள்ள போகும் சார்?"

"எல்லாமே போகும்மா. நிஜத்துல அப்படித்தானே."

"வேணாம் சார்."

முதலாளி மழைக்காரரைப் பார்த்தார். மழைக்காரர் விசைப்பலகையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"எம்புள்ள அதுல நிக்கிறான் சார். நகரமாட்டான் அவன். நிக்கத்தான் வரான்."

"உங்க பையன் நிக்கிறது இங்க இல்லம்மா" என்றார் முதலாளி. குரலை உயர்த்தவில்லை. "எந்தங்கச்சி வீட்டுக்காரரும் அங்கதான் இருக்காரு. நான் என்ன பண்ண, கடைய மூடிட்டு வானத்தைப் பாத்துட்டு உக்காரட்டா? இந்த மாடியில இருக்கிற எங்களாலயா அங்க மழை பெய்யுது?"

அவள் கிளம்பினாள். படியிறங்கும்போது, தன்னோடு வந்த கணவனிடம் மெதுவாகச் சொன்னாள்: "இங்க பெஞ்சா அங்க பெய்யுதோ என்னமோ, யாருக்குத் தெரியும். நீங்க சேறு போடாதீங்க."

வேலைக்காரன் வேலையைச் செய்யாமல் இருக்க முடியுமா. மழைக்காரர் சேறு போட்டார். அப்படி ஒரு சேற்றை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. டாங்கிச் சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டைச் சங்கிலியைக் கவ்வும், கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கும், விழுங்கிவிட்டு ஒரு குமிழி விடும். எட்டிப் பார்த்த டயர்க்காரர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஆனால் மகனுடைய திடலில் மட்டும், அவன் வழக்கமாக நிற்கிற இடத்துக்கு அடியில், யாருக்கும் தெரியாமல் ஒரு காங்கிரீட் தளம் போட்டு, அதன் மேல் சேற்றைப் பரப்பி மூடினார். மேலே பார்த்தால் சேறு. கீழே கல்.

மனைவியிடம் சொன்னார். சண்டை தொடங்கியதிலிருந்து அன்றைக்குத்தான் அவள் மறுசோறு போட்டுச் சாப்பிட்டாள்.

விளையாடுகிறவன் கண்ணுக்கு எது தப்பும்? உலகத்தில் எல்லா இடத்திலும் முங்குகிறது, ஒரே ஒரு இடத்தில் முங்கவில்லை என்று ஒருவன் கண்டுபிடித்தான். கண்டுபிடித்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? எல்லாத் திசையிலிருந்தும் டாங்கிகள் வந்து மகனுடைய டாங்கியைச் சுற்றி ஒட்டி ஒட்டி நின்றன. சந்தை கூடினாற்போல் ஆயிற்று. பகைவனும் பகைவனும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். இடம் போய்விடும் என்று யாரும் சுடவில்லை. அத்தனைக்கும் நடுவில் அந்த ஒருவன் அண்ணாந்த முகத்தோடு நனைந்துகொண்டிருந்தான்.

"பாருங்க, எத்தனை பேரு துணைக்கு" என்றாள் அம்மா. "சுத்தி நின்னா காத்து அடிக்காது."

முதலாளிக்குச் சேதி போயிற்று. வந்து திரையைப் பார்த்தார்.

"மழைக்காரரே, இது என்ன பந்தலு?"

"சின்னத் தப்பு சார். சரி பண்ணிடுறேன்."

"தப்பு இல்ல இது. எனக்குத் தெரியும்." முதலாளி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "கேமை நாளைக்கு ஊருக்கே திறந்து விடுறோம். ஒரு எடத்துல கல்லு இருக்குன்னா எவனும் சண்டைக்குப் போகமாட்டான். எல்லாரும் இங்கதான் வந்து நிப்பான்."

"நின்னா என்ன சார்" என்றாள் சத்தக்காரி தன் மூலையிலிருந்து.

"நின்னா கேம் இல்லம்மா."

மழைக்காரர் தன் கையாலேயே தளத்தை எடுத்தார். எடுத்ததும் சுற்றி நின்ற டாங்கிகள் ஒவ்வொன்றாக உறுமி, திரும்பி, ஓடிப்போயின. நடுவில் நின்றது ஓடவில்லை. அதை ஓட்டுகிறவன் அந்த நேரத்தில் போனைக் கீழே வைத்துவிட்டு எங்கோ போயிருந்தான். பட்டைச் சங்கிலி போயிற்று. சக்கரம் போயிற்று. மூடி விளிம்பு வரை சேறு ஏறி, அண்ணாந்த முகத்தையும் மூடிக்கொண்டு ஒரு குமிழி விட்டது. கம்பி மாதிரி ஏரியல் மட்டும் வெளியே நின்றது.

மறுநாள் மதியம் வந்தவள் திரையைப் பார்த்தாள். பிறகு கணவனின் பிடரியைப் பார்த்தாள்.

"எடுத்துட்டீங்களா?"

"அவன் வந்து வேற டாங்கி எடுத்துப்பான். அப்படித்தான் அது. பத்து டாங்கி முங்கினாலும் பதினொண்ணாவது கிடைக்கும்."

"வருவானா?"

"வருவான்."

வரவில்லை. கேம் வெளியாகி, மழைக்கும் சேற்றுக்கும் புகழ் மழையாகக் கொட்டியது. முதலாளி எல்லோருக்கும் கேக் வாங்கினார். திரையில் மகன் பெயருக்கு நேரே, அவன் வந்தால் எரிகிற சின்ன விளக்கு மட்டும் எரியவில்லை. அம்மா தினமும் வந்து ஏரியலைப் பார்த்துவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரியில் பச்சைத்தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு தொட்டி கட்டினார்கள்.

பட்டாள உடுப்பில் இரண்டு பேர் ஒரு மதியம் வந்தார்கள். வீடு பூட்டியிருந்ததால் விசாரித்துக்கொண்டு டயர்க் கடைக்கு வந்து, டயர்க்காரர் கை காட்ட, மேலே ஏறினார்கள். மூத்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதைக் கழற்றியபோதே கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சத்தக்காரி எழுந்து வந்து அண்ணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூத்தவர் மனப்பாடம் செய்ததைச் சொன்னார். கடமையில் இருந்தபோது, வாகனத்தோடு, வருத்தத்துடன். இடமும் விவரமும் சொல்வதற்கில்லை என்றும் சொன்னார். இளையவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மழைக்காரர் கேட்டார். "மழையா சார்?"

மூத்தவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு எதிரே திரையைப் பார்த்தார். அதில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழைக்காரருடைய முகத்தைப் பார்த்தார். அவர் நல்ல மனுஷர். அன்றைக்கு அவர் ஏறவேண்டிய படிகள் இன்னும் எத்தனையோ இருந்தன.

"ஆமாங்க. மழைதான்."

"சேத்துல இறங்கிடுச்சா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"இழுத்து எடுக்க முடியலையா?"

"முடியலம்மா."

"சுத்தி யாருமே நிக்கலையா?"

மூத்தவர் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "நின்னாங்கம்மா. அப்புறம் போயிட்டாங்க."

அவள் தலையை ஆட்டினாள். தனக்கு முன்பே தெரிந்ததை ஒருவர் சரிபார்த்துச் சொன்னால் எப்படித் தலையாட்டுவோமோ, அப்படி. கணவனை ஏசவில்லை, அடிக்கவில்லை. வீட்டில் அதற்குப் பிறகு உப்பு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்கிற அளவுக்குத்தான் பேச்சு. ஒரே ஒரு தடவை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "முதலாளி சொன்னாருன்னுதான் எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"மாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"வேற ஒருத்தர் எடுத்திருப்பார்."

"எடுக்கட்டுமே" என்றாள். "வேற ஒருத்தர் எடுத்திருக்கட்டும்."

மழைக்காரர் மறுபடி வேலைக்குப் போனார். போகாமல் என்ன செய்ய. அடுத்துச் சேர்க்கவேண்டியது இழுவை வடம். முங்கின டாங்கியை இன்னொரு டாங்கி வடம் போட்டு வெளியே இழுக்கலாம். அவர் அதற்கு முன் எந்த வேலையையும் அவ்வளவு வேகமாகச் செய்ததில்லை. முடிந்த அன்று வீட்டில் சொன்னார்.

மறுநாள் மதியம் இரும்புப் படியில் சத்தம் கேட்டது. வந்தவள் முதல் தடவையாகப் பின்னால் நிற்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எப்படி ஓட்டுறது?"

காட்டிக் கொடுத்தார். இது முன்னால், இது பின்னால், இது திரும்ப. பயலுக்கு முதன்முதலில் காட்டிய அதே வரிசையில். சோப்பில் ஊறி வெளுத்த விரல்களால் அவள் அழுத்தினாள். டாங்கி சுவரில் முட்டியது, மரத்தில் முட்டியது, ஒருமுறை பின்பக்கமாகவே கொஞ்சதூரம் போயிற்று. சிரிப்பு வருகிற விஷயம்தான். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒருவழியாக ஏரியலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"வெயில் போடுங்க."

வெயில் போட்டார். மழை நின்றது. சேறு மினுமினுத்தது.

"கயிறு."

வடத்தை எறிகிற பொத்தானைக் காட்டினார். அவள் அழுத்தினாள். வடம் பறந்து போய் ஏரியலுக்கு அடியில் விழுந்தது. திரையில் ஒரு வரி தோன்றியது. அவள் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள்: 'எதிர் வண்டியின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கவும்.'

"இது என்னங்க?"

மழைக்காரர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "வேணாதவனை யாரும் வம்புக்கு இழுத்துட்டுப் போகக்கூடாதுல்ல. அதுக்காக வெச்சது. உள்ள இருக்கிற ஆளு சரின்னு ஒரு பொத்தானை அழுத்தணும். அழுத்தினாத்தான் கயிறு பிடிக்கும்."

"அவன் அழுத்தணுமா?"

"ஆமா."

"நீங்க வெச்சதா இது?"

"நான் வெச்சதுதான்."

"எடுத்துடுங்க."

எடுக்கலாம். சின்ன வேலைதான். அவர் கையை விசைப்பலகைக்குக் கொண்டுபோனபோது அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்ல, இருக்கட்டும்" என்றாள். "அவனே அழுத்தட்டும்."

முதலாளி தன் அறைக் கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டார். அவள் அன்று ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகவில்லை. கீழே டயர்க்காரர் கடைக் கதவை இறக்குகிற சத்தம் கேட்கிறவரை, இரண்டு பேரும் ஒரே வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வருஷம் எல்லையில் ஒரு சொட்டு மழைகூடப் பெய்யவில்லை.